உறவுமுறை: சகோதரி

விசாவைப் பற்றி முதலில் தேடிப் பார்த்தவள் நான்தான். கொழும்பில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வந்த களைப்பில் அவள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, போனில் இருந்ததை ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். படம் வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும். இந்தியாவில் சேர்த்துக்கொள்ளப் போகும் வைத்தியசாலையின் கடிதம் வேண்டும். இங்கே பார்த்த டொக்டரின் கடிதமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் கண்ணைத் திறக்காமலேயே "இரிக்கு, இரிக்கு" என்றாள். நானும் பெருநாளைக்குச் சாமான் வாங்கப் போகிறவள் மாதிரி உற்சாகமாக வாசித்துக்கொண்டு போனேன். நோயாளிக்குத் துணையாகப் போகிறவர் பற்றிய இடத்துக்கு வந்ததும் வாய் தன்னால் நின்றுவிட்டது.

துணைக்குப் போகிறவர் நோயாளியின் கணவனாகவோ மனைவியாகவோ இரத்த உறவாகவோ இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

"என்ன புள்ள, நிப்பாட்டிட்டாய்?"

"கூட வாறவங்க ரெத்தச் சொந்தமா இரிக்கோணுமாம்."

அவள் கண்ணைத் திறந்தாள். "அப்ப நாம ரெண்டு பேரும் ஆராம்?" என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் யார் என்பதை வெளியாட்களுக்குச் சொல்வது கொஞ்சம் வேலை. சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் அவள் வீடும் என் வீடும் ஒரே வேலி. நான் பிறந்து கொஞ்ச நாளில் அவள் பிறந்தாள். பிள்ளை பெற்ற கையோடு அவள் உம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டார்கள். பிள்ளையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அழுகிற சத்தம் கேட்டு என் உம்மா வேலி தாண்டிப் போய் அவளைத் தூக்கிவந்து, எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பாலை அவளுக்கும் கொடுத்தா. அவள் உம்மா எழும்பி வரும் வரைக்கும் அப்படித்தான். எங்கள் மார்க்கத்தில் ஒரு பெண்ணிடம் அப்படிப் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறப்புகள். சும்மா பாசத்துக்குச் சொல்கிற பேச்சல்ல அது, சட்டம். என் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம், அவர்கள் அவளுக்கும் சொந்தக் காக்காமார். என் உம்மாவின் சகோதரர்கள் அவளுக்கு மாமாமார். அவர்களில் யாரையும் அவள் கட்ட முடியாது.

இதை நாங்கள் பாடசாலையில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டோம்.

என் உம்மாவின் கடைசித் தம்பி, என் இளைய மாமா, ஆசிரியர் நியமனம் கிடைத்து வந்த காலம் அது. அவர் எங்கள் வீட்டுக்கு வருகிற நேரமாகப் பார்த்து இவளுக்குச் சீனி முடிந்துவிடும். கையில் ஒரு கோப்பையோடு வந்து நிற்பாள். பெரியவர்களுக்குக் கண் இருந்தது. பேசி முடித்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதால், அவள் வாப்பா அவளுக்கென்று தனி வீட்டுக்கு அத்திவாரமும் வெட்டிவிட்டார். கல்யாணத்தைப் பதிய வேண்டிய நேரத்தில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த மரைக்காயர் ஒருவர், வழக்கமாகக் கேட்கிற கேள்விதானே என்று, "ரெண்டு பக்கமும் பால் உறவு ஏதும் இல்லயே?" என்று கேட்டார். உம்மா உள்ளே இருந்து பெருமையாகச் சொன்னா, "நாந்தானே காக்கா அவளுக்குப் பால் குடுத்த. எண்ட புள்ள மாதிரித்தான்." தன் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அந்தத் தடை, தம்பிக்கு இல்லை என்று நினைத்திருந்தா, பாவம்.

அன்று ஊரே கூடியது. மார்க்கம் படித்த ஆலிம் வந்தார். எத்தனை தடவை குடித்தாள், வயிறு நிறையக் குடித்தாளா, பார்த்த ஆட்கள் யார் என்று விசாரித்தார்கள். ஐந்து தடவையோ அதற்கு மேலோ என்றால் உறவு உறுதி. உம்மா கணக்கு வைத்துக்கொண்டா பால் கொடுத்தா? அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். கல்யாணம் நின்றது. அத்திவாரத்தில் மழைத்தண்ணீர் நிரம்பி, அடுத்த வருடம் வேறொரு மாப்பிள்ளைக்காக அதன் மேல் சுவர் எழும்பியது. அன்றிலிருந்து அவளும் அவரை மாமா என்று கூப்பிட்டாள். முதல் தடவை கூப்பிடும்போது நான் பக்கத்தில் நின்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆகவே "நாம ரெண்டு பேரும் ஆராம்?" என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கத்தான் செய்தது. சகோதரிகள். ஊர் அறிய, பள்ளிவாசல் அறிய, ஒரு கல்யாணத்தையே விலையாகக் கொடுத்து நிரூபித்த சகோதரிகள்.

அவளுக்கு வேறு ஆளும் இல்லை. வாப்பாவையும் ஒரே தம்பியையும் கடல் பொங்கிய அன்று இழந்தாள். உம்மா அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. மகள் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறவள், சின்னப் பிள்ளை. கணவர் சவூதியில் ஒரு வீட்டுக்குச் சாரதி. "கபீல் லீவு தாறான் இல்ல, பாஸ்போட்டும் அவண்ட கையில" என்று குரல் பதிவு அனுப்புவார். எஜமான் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டிருந்தார். இந்திய வைத்தியசாலையோ, ஒப்பரேஷன் செய்யலாம், ஆனால் கட்டி பரவுவதற்கு முன் வர வேண்டும், நோயாளி தனியே வரக் கூடாது, முறையான துணை விசாவோடு ஒருவர் கூட வர வேண்டும் என்று எழுதியிருந்தது. சுற்றுலா விசாவில் வருகிறவரை வார்டில் துணையாக ஏற்கமாட்டோம் என்றும் அதில் இருந்தது. வழி இவ்வளவுதான். நான் போக வேண்டும், அதுவும் கெதியாகப் போக வேண்டும்.

நான் பிரதேச செயலகத்தில் கிளார்க். மற்றவர்களின் ஆவணங்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் திருப்பி அனுப்புகிறவள். அப்படிப்பட்டவளே அன்று மூளையைக் கழற்றி வைத்துவிட்டேன் என்றால், அவள் கட்டிலில் கிடந்த கிடைதான் காரணம். உறவுக்கு ஆதாரம்தானே கேட்கிறார்கள், எங்களிடம் இல்லாத ஆதாரமா என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

பள்ளிவாசலுக்குப் போனேன். கல்யாணத்தன்று கேள்வி கேட்ட அந்த மரைக்காயர் இப்போது நல்ல வயதாகி, காது மந்தமாகி, ஆனால் அதே இடத்தில்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்டைக்கி நான் அந்தக் கேள்விய கேட்டத நெனச்சி எத்தின நாள் கவலப்பட்டிரிப்பன் தெரியுமா மகள்? இதுக்காவது உதவட்டும்" என்று சொல்லி, நிர்வாகத்தின் கடிதத்தாளில் தானே வசனம் சொல்லி எழுதுவித்தார். இவ்விருவரும் ஒரே தாயிடம் பால் அருந்திய சகோதரிகள் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகின்றோம். கையொப்பம், முத்திரை. கிராம சேவகர் அதன் கீழே தன் கையொப்பத்தையும் முத்திரையையும் வைத்தார். கல்முனையில் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் மாற்றி மூன்றாவது முத்திரையையும் குத்தினார். மூன்று முத்திரை விழுந்த கடிதத்துக்கு எங்கள் பக்கத்தில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். நான் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன்.

கல்முனையில், கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வைத்திருக்கிற ஒரு கொம்யூனிகேஷன் கடையில்தான் விண்ணப்பத்தை நிரப்பினோம். அவள் வீட்டில் இருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரர் தட்டிக்கொண்டே வந்தவர், உறவுமுறை என்ற இடத்தில் சகோதரி என்று போட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ராத்தா, ரெண்டு பேர்ட உம்மாட பேரும் வேறயா இரிக்கே. வாப்பாட பேரும் வேற. இது இடிக்கும்."

நான் பதில் சொல்ல முன் போனுக்குள் இருந்து அவள் சொன்னாள். "அதுக்குத்தானே தம்பி கடிதம் இரிக்கு. அதயும் சேத்துப் போடுங்க."

"துணையெண்டு மட்டும் போட ஏலாதா?" என்று நான் கேட்டேன். பட்டியலில் இருக்கிற உறவுகளில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றார். கணவன், மனைவி, தாய், தந்தை, மகன், மகள், சகோதரன், சகோதரி. நண்பி என்று ஒன்று அதில் இல்லை. பாலுக்கும் இடமில்லை. பொய்ப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் செய்து தர ஆள் இருக்கிறது என்று யாரோ சொன்னதையும் அவளிடம் சொல்லிப் பார்த்திருந்தேன். "நாம சகோதரிதானே புள்ள, என்னத்துக்குப் பொய்யா ஒரு கடதாசி?" என்று மறுத்துவிட்டாள். உண்மையைச் சொல்கிறோம் என்ற தைரியத்தில்தான் அந்தப் பொத்தானை அமுக்கினோம்.

கொழும்புக்கு வாடகைக்கு வான் வண்டி பிடித்துப் போனோம். வழி முழுக்க அவள் பையில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தாள். விசா நிலையத்தில் கைரேகை வைத்து, படம் எடுத்து, கடைசியாகக் கடிதத்தைக் கொடுத்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை நல்ல பிள்ளைதான். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். தமிழ் தெரிந்தவள், ஆனாலும் அவளுக்கு அது விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"இத நாங்க எடுக்கிறோம் மேடம். ஆனா முடிவு எங்கட கையில இல்ல."

அந்த வசனம் எனக்குப் புதியதல்ல. கிழமையில் ஐந்து நாளும் நான் அதைச் சொல்கிறேன். அதன் அர்த்தம் என்னவென்று என்னைவிடத் தெரிந்தவர் இருக்க முடியாது. அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். "குடுத்தாச்சி, இனி அல்லாஹ் பாத்துக்குவான்" என்று அவள் சொன்னாள். ஓம் என்றேன்.

பிறகு காத்திருந்தோம். மின்னஞ்சலில் கேள்வி ஒன்று வந்தது. நீங்கள் சொன்ன உறவும் பெற்றோர் விபரமும் பொருந்தவில்லை, பிறப்புச் சாட்சிப்பத்திரங்களை அனுப்பவும். அனுப்பினோம். அவை பொருந்தா என்று தெரிந்துகொண்டே, கூடவே மறுபடியும் பள்ளிவாசல் கடிதத்தையும் அனுப்பினோம். காது கேளாதவரிடம் சத்தமாகத் திரும்பச் சொல்கிற மாதிரி. இந்தப் பைத்தியக்காரத்தனத்தை எங்கள் ஊர்ப் பெண்கள் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள்.

என் விசா மறுக்கப்பட்டது. அதுவாவது பரவாயில்லை. தவறான உறவைக் காட்டிய விண்ணப்பம் என்று அவளுடையதும் விசாரணைக்கு நிறுத்தப்பட்டது. வேறு துணையோடு அவள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் இந்த விசாரணை முடிந்த பிறகு. நான் அவளோடு சேர்ந்திருக்காவிட்டால் அவள் பெயர் தனியே பிழையில்லாமல் இருந்திருக்கும். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார் மேலும் கோபப்பட்டேன். அந்தப் பட்டியலை எழுதியவன் மேல், கடைக்காரர் மேல், சவூதியில் இருக்கிற மனுஷன் மேல். இறந்துபோய்க் கபுறில் இருக்கிற என் உம்மா மேல்கூட. வேலி தாண்டிப் போகாமல் இருந்திருந்தால் என்ன உம்மா என்று கேட்டு அழுதேன்.

செய்தியைச் சொல்லப் போனபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கையில் பலமில்லாததால் பின்னல் தளர்ந்து தளர்ந்து போனது. நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பின்னலை மறுபடியும் பிரித்து முதலில் இருந்து பின்னத் தொடங்கினாள்.

"கலியாணத்த நிப்பாட்டப் போதுமாயிருந்த பால்," என்றாள், "இதுக்குக் காணல்ல என்னா?"

சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. குசினிக்குப் போய், கழுவி வைத்திருந்த கோப்பைகளையே எடுத்துக் கழுவினேன்.

அவள் கணவர் கடைசியில் வந்தார். எப்படி வந்தாரோ, யாருடைய காலில் விழுந்தாரோ, நான் கேட்கவில்லை. கணவன் என்றதும் எல்லாம் சரியாக நடந்தது. கல்யாணப் பதிவை வைத்தார்கள், விசா வந்தது. அந்தப் பதிவையும் ஒரு பள்ளிவாசலில் வைத்துத்தான் எழுதினார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவர்களை ஏற்றிப்போக வான் வந்தபோது அவள் என் கையைப் பிடித்து, "நீ வந்திரிந்தா பயமில்லாம இரிந்திரிக்கும்" என்று காதுக்குள் சொன்னாள். நான் வானின் கதவைச் சாத்திவிட்டேன்.

அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்த டொக்டர், இனிக் கத்தி வைக்க முடியாது, ஊருக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார். அவள் கணவர் போனில் அழுதார்.

"இவ்வளவு நாளும் எங்க இரிந்தீங்க எண்டு கேக்கிறாங்க. என்னத்தச் சொல்ல?"

"கல்முனையில, கொம்யூனிகேஷன் கடையில இரிந்தமெண்டு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. என் மேலும் வரவில்லை.

திரும்பி வந்த பிறகு அவள் இந்தியாவைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. ஒரு நாள் மட்டும், நான் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, தானாகச் சொன்னாள்.

"அங்க கூட வாறவங்களுக்கெண்டு ஒரு சின்னக் கட்டில் போட்டிரிந்தாங்க புள்ள. அவர் அதுல படுத்து நல்லாக் குறட்ட உட்டார். நான் விடிய விடிய அதத்தான் பாத்துட்டுக் கிடந்தன். நீயெண்டா நித்திர கொண்டிரிக்க மாட்டாய்."

"நானும் குறட்ட உடுவன்தான்" என்றேன்.

"ஓம், அது தெரியும். ஆனா நான் கூப்பிட்டா எழும்புவாய்."

அவள் மௌத்தான அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவானதால் எல்லாம் அவசரமாக நடந்தது. முற்றத்தின் ஒரு மூலையில் சேலைகளைக் கட்டி மறைத்து, பலகை போட்டார்கள். ஊரில் மௌத்தாகிற பெண்களைக் குளிப்பாட்டுகிற பெண் வந்து, கையில் துணியைச் சுற்றிக்கொண்டே வெளியே நின்றவர்களைப் பார்த்தா.

"நெருங்கின சொந்தம் ஆரு இரிக்கிய? உம்மா இல்ல. மகள் சின்னப் புள்ள. சகோதரி ஆரும் இரிக்கா?"

அவள் மாமியார் என் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டா. "இவதான், பால் குடிச்ச சகோதரி. இவதான் முதல்ல." குளிப்பாட்டுகிற பெண் தலையை ஆட்டி, தலைமாட்டுக்கு என்னை வரச் சொன்னா. என்னிடம் யாரும் உம்மாவின் பெயர் கேட்கவில்லை. நான் தண்ணீர் ஊற்றினேன். அவள் தலையில் முடி திரும்ப முளைக்கத் தொடங்கியிருந்தது, பிறந்த பிள்ளையின் முடி போல. அழக் கூடாது, மய்யித்தில் கண்ணீர் படக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தா. நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்த உரிமையை நான் எங்கேயும் போய்க் கேட்கவில்லை. நான் கேட்டது அந்தச் சின்னக் கட்டிலை.

பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. அங்கே நடந்ததை மற்றவர்கள் வந்து சொல்லித்தான் தெரியும். கபுறில் இறக்க அவள் கணவர் இறங்கினாராம். இன்னொருவரும் வேண்டும், கட்ட முடியாத உறவுக்காரர் யார் இருக்கிறார் என்று கேட்டார்களாம். வாப்பா இல்லை, தம்பி இல்லை, ஆண் பிள்ளை இல்லை, என் காக்காமாரும் வெளிநாட்டில். பிறகு கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என் இளைய மாமா, தலை நரைத்துப்போனவர், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாராம். அந்த மரைக்காயர் அவரைப் பார்த்து, "ஓம், இவர் இறங்கலாம்" என்று சொன்னாராம்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். காலிலும் கையிலும் மண். பைப்பைத் திறந்துவிட்டு நெடுநேரம் கழுவினார். நான் துவாயை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கை துடைக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தூக்கினா பாரமே இல்ல புள்ள."

துவாயைத் திருப்பித் தந்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார். ஊற்றப் போனேன். வீட்டில் சீனி முடிந்திருந்தது.